இலவச வீடு என்னும் இளக்காரம்

"உழைக்கிறவன் வரி கட்டுறான், உட்கார்ந்திருக்கிறவன் வீடு வாங்குறான்!" அரசு வீட்டுத் திட்டம் என்று பேச்செடுத்தாலே டீக்கடை முதல் இணையம் வரை கேட்கும் வசனம் இது. சரி, உட்கார்ந்திருப்பது யார்?

பெருமுக்கல் மலையடிவாரத்திலிருந்து மரக்காணம் உப்பளம் வரை போய்ப் பார்த்தால் தெரியும். குடிசையில் இருப்பவர்கள் கழனியிலும் உப்புப் பாத்தியிலும் வெயிலில் நிற்பவர்கள். ஐப்பசி மழை இறங்கினால் உப்பு வாருவது நின்றுவிடும், கூலியும் நின்றுவிடும். கூரை ஒழுகுவதும் அதே மாதங்களில்தான். 2011 டிசம்பர் 30-ல் 'தானே', 2024 நவம்பர் 30-ல் 'ஃபெஞ்சல்' என இரண்டு புயல்களும் இந்தப் பக்கத்துக் கடற்கரையில்தான் கரையேறின.

2024-ல் தமிழக அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். அதுவும் மொத்தமாகக் கையில் கிடைப்பதில்லை. கட்டக் கட்டத் தவணையாக வரும். சிமெண்டும் கம்பியும் விற்கிற விலையில், பற்றாக்குறைக்குக் கடன் வாங்குபவர் வீட்டுக்காரர்தான். இதற்குப் பெயர் இலவசமா?

இன்னொரு கணக்கும் உண்டு. பழைய வரி முறையில் இருப்பவர், குடியிருக்கும் வீட்டுக் கடனுக்கான வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். 30 சதவீத வரி கட்டுபவருக்கு இதனால் ஆண்டுக்கு 60,000 ரூபாய் மிச்சம். ஆறே ஆண்டில் 3.6 லட்சம்! உப்பளத் தொழிலாளிக்கு ஆயுளில் ஒருமுறை கிடைப்பதைவிட அதிகம். அதை யாரும் பிச்சை என்று சொல்வதில்லை. 'வரிச் சலுகை' என்று மரியாதையாகப் பெயர் வைத்திருக்கிறோம்.

பயனாளிப் பட்டியலில் வேண்டியவர்கள் நுழைகிறார்கள் என்பது அடுத்த குற்றச்சாட்டு. அப்படி நுழைந்தால் கிராமசபையில் எழுந்து கேட்க வேண்டும். ரேஷன் கடையில் எடை குறைந்தால் கடையையே மூடச் சொல்கிறோமா என்ன?

உண்மையிலேயே கோபப்பட ஒரு விஷயம் இருக்கிறது. வீடு வேண்டுமானால் பட்டா வேண்டும். தலைமுறையாகப் புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவருக்கு அந்தக் காகிதம் இல்லை. யாருக்கு வீடு அதிகம் தேவையோ, அவர் பெயர் பட்டியலுக்கே வருவதில்லை. வீடு கிடைத்தவரைப் பார்த்து எரிச்சல்படும் வாய்கள், கிடைக்காதவருக்குப் பட்டா கேட்டு ஒருமுறையாவது திறக்கட்டும்!