‘மாற்றிவிடுங்கள்’ என்றொரு மந்திரம்

கிழிந்தது உள்ளங்கை அகல வலை. சொல்லப்பட்ட விலை 48,000 ரூபா. படகுக் கூலி வேறு.

உச்சமுனையில் இருக்கும் என் தங்கை வீட்டுக் கதவைப் பற்றித்தான் எழுதுகிறேன். நாட்டில் எத்தனையோ பெரிய விடயங்கள் இருக்க, முப்பது வருடம் பத்திரிகையில் குப்பை கொட்டியவர் கதவைப் பற்றியா எழுத வேண்டும் என்று சில அன்பர்கள் முகம் சுழிக்கக்கூடும். பொறுமையோடு வாசியுங்கள். பெரிய விடயங்கள் பல இந்தக் கிழிசல் வழியாகத்தான் உள்ளே வந்தன.

உச்சமுனை, கற்பிட்டிக்கு வடக்கே நீளும் மணற்றிட்டு. ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் களப்பு. மச்சான் கடற்றொழிலாளி. தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் அப்பகுதிக்கு வரும் உல்லாசப் பயணிகளை நம்பி, வீட்டோடு ஓர் அறையைச் சேர்த்துக் கட்டினார். அதற்குக் கண்ணாடி ஸ்லைடிங் கதவும், அதே தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஓடும் நுளம்பு வலைக்கதவும் போட்டார். பயணிகள் இல்லாத நாட்களில் பிள்ளைகள் படிப்பதும் உறங்குவதும் அந்த அறையில்தான்.

மூன்றாவது வருடம் வலையின் கீழ் மூலையில் பூனை ஒன்று தனக்கு வழி செய்துகொண்டது. அடிச் சில்லு உப்பும் மணலும் ஏறி இறுகியது. கதவு பாதி வழியில் நின்றது. நகரத்து அலுமினிய வேலைத்தலம் ஒன்றுக்குக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பினார் மச்சான். அங்கிருந்து ஒருவரும் வந்து பார்க்கவில்லை. பதில் மட்டும் வந்தது: “திருத்திப் பிரயோசனம் இல்லை. முழுக் கதவையும் மாத்திவிடுங்க.”

காசு சேரட்டும் என்று காத்திருந்தார்கள். நான்கு மாதம் கதவு அப்படியே நின்றது. அந்த நான்கு மாதத்துக்குள் என் இளைய மருமகளுக்கு, ஆறு வயதுக் குழந்தைக்கு, டெங்குக் காய்ச்சல் வந்தது. எட்டு நாள் ஆஸ்பத்திரி. இரத்தத் தட்டுக்களின் எண்ணிக்கையை எழுதிய துண்டுக் கடதாசியைப் பார்த்துப் பார்த்து என் தங்கை இருந்த இருப்பை நான் மறக்க மாட்டேன். பிள்ளை பிழைத்துவிட்டாள். அவளைக் கடித்த நுளம்பு அந்த ஓட்டையால்தான் வந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பள்ளிக்கூடத்திலும் அது கடித்திருக்கலாம். ஆனால் வீட்டில் ஒரு காவல் இருந்தது, அந்தக் காவல் நான்கு மாதம் வேலை செய்யவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

நிற்க.

இப்போது ஒரு வேடிக்கையைச் சொல்கிறேன். அந்தப் பழுதான கதவுக்கு நேர் எதிரே, நிழலில் அமர்ந்து, மச்சான் ஒவ்வொரு நாளும் வலை பொத்திக்கொண்டிருந்தார். உச்சமுனையில் கிழிந்த வலையை எவரும் எறிவதில்லை. பாரில் சிக்கிக் கிழிந்தாலும், நண்டு கடித்துக் கிழித்தாலும், ஊசியையும் நூலையும் எடுத்துக் கண் கண்ணாகச் சேர்த்துவிடுவார்கள். ‘வலை கிழிந்துவிட்டது, புதிது வாங்குவோம்’ என்று ஒருவன் சொன்னால் கரையே சிரிக்கும். வலை பொத்துவதில் இத்தனை தேர்ச்சி உள்ள ஊரில், கதவிலே கிழிந்த ஒரு வலைக்கு முன்னால் மட்டும் எல்லோரும் கை கட்டி நின்றார்கள். ஏன்?

நான் மச்சானிடம் கேட்டேன். அவர் சொன்னது: “அது எங்கட வேலை இல்லையே மச்சான். அது கொம்பனிச் சாமான்.”

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். தன் கையால் ஆயிரம் கண் பின்னத் தெரிந்த ஒரு மனிதனை, அலுமினியச் சட்டத்துக்குள் இருப்பது தனக்கு அப்பாற்பட்ட ஏதோ ஒன்று என்று நம்ப வைத்தது யார்? ‘மாற்றிவிடுங்கள்’ என்ற மந்திரத்தை நாள்தோறும் ஓதியவர்கள்தாம். விற்பவன் ஓதினான். விளம்பரம் ஓதியது. பட்டம் பெற்ற நாமும் கூடவே ஓதினோம். திருத்திய பொருள் வறுமையின் அடையாளம், புதிய பொருள் கௌரவத்தின் அடையாளம் என்று பிள்ளைகளுக்குக் கற்பித்தோம். ஒட்டுப் போட்ட சட்டையைக் கேலி செய்த அதே வாயால் சூழலைக் காப்போம் என்று மேடையில் முழங்கினோம். கலைப் பட்டதாரியான நானும் இதில் குற்றவாளியே. என் வீட்டில் ஸ்குரூ டிரைவர் எங்கே இருக்கிறது என்பது ஐம்பது வயது வரை எனக்குத் தெரியாது.

வேலைத்தலத்துப் பையனை மட்டும் திட்டுவது நேர்மையாகாது. அவனுக்கு வருமானம் அலுமினியத்தின் அடிக்கணக்கில் வருகிறது. சில்லு மாற்றும் அரை மணி நேர வேலைக்குக் கூலி கேட்டால் ‘இதற்கா இவ்வளவு?’ என்று பேரம் பேசுபவர்கள் நாம்தாம். 48,000 ரூபாவுக்குப் புதுக் கதவு வாங்க ஆயத்தமாக இருக்கும் நமக்கு, திருத்தும் கைக்கு 2,000 ரூபா கொடுக்க மனம் வருவதில்லை. அப்படியிருக்க அவன் ஏன் படகேறி வரப்போகிறான்?

சரி, வலைக்கதவு அத்தனை முக்கியமா என்று கேட்பவர்களுக்கு வருவோம்.

1900ஆம் ஆண்டில் நடந்த ஒரு பரிசோதனையைச் சொல்கிறேன். மலேரியாவைப் பரப்புவது நுளம்புதான் என்பதை உலகம் இன்னும் முழுமையாக நம்பாத காலம். பட்ரிக் மான்சன் என்ற மருத்துவரின் ஏற்பாட்டில், லோ, சாம்போன் என்ற இரு மருத்துவர்கள் இத்தாலியில் ஒஸ்தியாவுக்கு அருகே, மலேரியாவுக்குப் பேர்போன சதுப்பு நிலத்தில், ஒரு மரக் குடிலில் காய்ச்சல் காலம் முழுவதும் தங்கினார்கள். குயினைன் சாப்பிடவில்லை. சுற்று வட்டாரத்தில் உள்ளவர்களோடு பழகினார்கள். அதே காற்றைச் சுவாசித்தார்கள். ஒன்றே ஒன்றுதான் செய்தார்கள்: குடிலின் கதவு, ஜன்னல் யாவற்றுக்கும் வலை அடித்து, பொழுது சாயுமுன் உள்ளே புகுந்துகொண்டார்கள். அவர்களுக்குக் காய்ச்சல் வரவில்லை. அன்று விஞ்ஞானத்தின் பெரிய கேள்விக்குச் சாட்சி சொன்னது ஒரு வலைக்கதவு. அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை இருந்திருந்தால் சாட்சி மாறியிருக்கும்.

மலேரியா நுளம்பு இரவில் கடிப்பது. அதற்குப் படுக்கை வலை போதும். டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்போ பகலில் கடிப்பது; காலையிலும் பொழுது சாயுமுன்னும் அதற்குப் பசி அதிகம். பகல் முழுவதும் பிள்ளையைப் படுக்கை வலைக்குள் வைத்திருக்க முடியுமா? பகலுக்குரிய வலை கதவிலும் ஜன்னலிலும்தான் இருக்க வேண்டும். 2017இல் இந்நாட்டில் பதிவான டெங்கு நோயாளர் 186,000க்கும் மேல். அந்த ஆண்டிலும் அதற்குப் பின்னரும் நம் அதிகாரிகள் செய்தவை என்ன? புகையடித்தார்கள். புகை அந்த வேளையில் பறந்துகொண்டிருக்கும் நுளம்பைக் கொல்லும். மறுநாள் பிறப்பதை ஒன்றும் செய்யாது. 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தைக் காட்டி, சிரட்டையில் தண்ணீர் தேங்கிய வீட்டுக்காரனை நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். அதைத் தவறென்று சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வீடு சிரட்டை தேடி வந்தவர்களில் ஒருவராவது ‘உங்கள் ஜன்னல் வலை கிழிந்திருக்கிறதே, அதைத் தைப்பது இப்படி’ என்று காட்டிக் கொடுத்ததுண்டா? என் தங்கை வீட்டுக்கும் வந்தார்கள். கதவைத் தாண்டிப் போய்த் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பராமரிப்பைக் கைவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த நாட்டைவிடப் பெரிய உதாரணம் வேண்டியதில்லை. 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்ட தேசம் இது. பிற்பாடு டி.டி.டி. தெளித்து, நோயாளரைத் தேடிக் கண்டுபிடித்து, 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளர் என்ற நிலைக்குக் கொண்டுவந்தோம். வென்றாயிற்று என்று கை சோர்ந்தோம். 1969இல் நோயாளர் தொகை 5 இலட்சத்தைத் தாண்டியது. அதன்பின் பல பத்தாண்டுகள் உழைத்து, 2016 செப்டெம்பரில்தான் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழை உலக சுகாதார நிறுவனத்திடம் பெற்றோம். அதே ஆண்டு டிசம்பரில், உச்சமுனைக்கு வடக்கே கடற்கரையோடு கரையாக இருக்கும் மன்னாரில், கிணறுகளிலும் தொட்டிகளிலும் பெருகக்கூடிய அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற புது வகை மலேரியா நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. சிறிய ஓட்டை, சற்றே அலட்சியம், இவை போதும். கதவுக்கும் நாட்டுக்கும் இலக்கணம் ஒன்றுதான்.

இனி, நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை என்பதைக் காட்டவே சொல்கிறேன்.

கதவை மேலே தூக்கி, அடிப்பக்கத்தை நம் பக்கம் இழுத்தால் தண்டவாளத்திலிருந்து கழன்றுவிடும். அடி மூலைகளில் உள்ள ஸ்குரூவைத் தளர்த்தினால் சில்லு வெளியே வரும். எங்கள் கதவில் ஒரு சில்லு துருவேறிச் செத்துவிட்டது. மற்றது நல்ல தண்ணீரில் கழுவியதும் சுழன்றது. அலுமினியத்தில் சாதாரண இரும்பு ஸ்குரூவைப் போட்டால் உப்புக் காற்றில் இரண்டும் ஒன்றையொன்று அரித்துவிடும். துருப்பிடிக்காத ஸ்குரூ வாங்க வேண்டும். தண்டவாளத்து மணலைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் கூட்டினோம். எண்ணெய் விடவில்லை, எண்ணெய் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெழுகுதிரியைத் தேய்த்தோம்.

வலையைச் சட்டத்தில் பிடித்திருப்பது ஆணியும் அல்ல, பசையும் அல்ல. சட்டத்தைச் சுற்றி ஓடும் ஒரு காடியில் செருகிய றப்பர் நாடாதான். அதை ஸ்குரூ டிரைவர் நுனியால் நெம்பி இழுத்தால் பழைய வலை கையோடு வந்துவிடும். புது வலையை நான்கு பக்கமும் இரண்டு அங்குலம் கூட விட்டு வெட்டி, சட்டத்தின்மேல் விரித்து, றப்பரைக் கரண்டிக் காம்பால் காடிக்குள் அழுத்திக்கொண்டே போனோம். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வலையை மிகவும் இறுக்கி இழுத்தால் சட்டம் இடுப்பு ஒடுங்கிவிடும், பிறகு கதவு ஓடாது. கடைசியில் மிச்சத்தை பிளேட்டால் சீவினோம். கம்பி வலை அந்த உப்பில் நிலைக்காது என்பதால் பைபர் வலையே வாங்கினோம். அங்குலத்துக்குப் பதினெட்டுக்குப் பதினாறு கண். வலை, றப்பர், சில்லு, ஸ்குரூ எல்லாமாக 3,000 ரூபாவுக்குள். நேரம் இரண்டு மணி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய வலையை எறியப் போன என்னை மச்சான் தடுத்தார். கிழிசலுக்கு மேல் ஒரு துண்டை வைத்து, மெல்லிய நைலோன் நூலால் சுற்றித் தைத்து, சமையலறை ஜன்னலில் அடித்தார். பதினைந்து நிமிடம். ‘கொம்பனிச் சாமான்’ என்ற பயம் அத்தோடு ஓடிவிட்டது. முதல் நாளே ஊசியை எடுத்திருந்தால் புது வலைகூடத் தேவைப்பட்டிருக்காது என்று அவரே சொன்னார். சொல்லும்போது மகளின் பக்கம் பார்க்கவில்லை.

‘எல்லோருக்கும் இதற்கு நேரம் ஏது?’ என்பார்கள். தொலைக்காட்சித் தொடருக்கு முன்னால் இரண்டு மணி நேரம் இருக்கிறது, இதற்கு இல்லையா? முடியாதவர்கள் கூலி கொடுத்துச் செய்விக்கட்டும். ‘எல்லோரும் திருத்தத் தொடங்கினால் வியாபாரம் படுத்துவிடும்’ என்றும் சொல்வார்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. ஐந்து வருடம் நாட்டின் வண்டிகளை ஓட வைத்தவர்கள் யார்? கைகளில் கிறீஸ் படிந்த கராஜ்காரர்கள். 2022இல் டொலர் இல்லாமல் நாடு முடங்கியபோது, புதிது வாங்கத் தெரிந்தவர்கள் திகைத்து நின்றார்கள். திருத்தத் தெரிந்தவர்கள் சமாளித்தார்கள். செல்வம் கொழிக்கும் ஐரோப்பிய ஒன்றியமே 2024இல் பழுதுபார்க்கும் உரிமைக்கெனச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. சலவை இயந்திரமும் குளிர்சாதனப் பெட்டியும் செய்பவன் அதைத் திருத்தியும் கொடுக்க வேண்டும் என்கிறது அது. நாமோ கையில் இருந்த பழக்கத்தை நாகரிகத்தின் பெயரால் தொலைத்துக்கொண்டிருக்கிறோம்.

நான் கேட்பது அதிகம் இல்லை. கூட்டுறவுச் சங்கக் கடைகளில் அரிசி, பருப்போடு நுளம்பு வலையும் றப்பர் நாடாவும் சில்லும் அளந்து விற்கட்டும். பள்ளிக்கூடத்தில் ஒரு பாடவேளையை ஊசிக்கும் ஸ்குரூ டிரைவருக்கும் ஒதுக்கட்டும். ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் சேர்த்தே. கதவு விற்பவர் சில்லையும் விற்கட்டும். சிரட்டை தேடி வரும் அதிகாரி, ஒரு நிமிடம் நின்று ஜன்னலையும் பார்க்கட்டும். அதுவரை ‘மாற்றிவிடுங்கள்’ என்று எவர் சொன்னாலும், ‘முதலில் வந்து பாருங்கள்’ என்று பதில் சொல்லுங்கள்.

போன வாரம் மருமகள் தொலைபேசியில் பேசினாள். கதவு இப்போது ஒரு விரலால் தள்ளினால் ஓடுகிறதாம். பூனை வெளியே இருந்து கத்துகிறதாம்.

“உள்ளே விடட்டுமா மாமா?”

கதவைத் திறந்து விடு பிள்ளை, பிறகு உடனே மூடு என்றேன்.