மெஸ் சாப்பாடும் நமது முணுமுணுப்பும்

திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் தங்கிப் படிக்கும் நாம், மெஸ்ஸில் சாப்பாட்டு விலை ஐந்து ரூபாய் கூடியதற்கு முணுமுணுக்கிறோம். நானும் முணுமுணுத்தவன்தான்.

வீட்டு அடுப்புக்கு 14.2 கிலோ சிலிண்டர். மெஸ்காரர் வாங்க வேண்டியதோ 19 கிலோ வணிகச் சிலிண்டர். அதன் விலை மாதந்தோறும் மாறும், மானியமும் கிடையாது. அம்மாள் சமைக்கிறார், மகன் இலை போடுகிறான். இருவருக்கும் சம்பளம் எந்தக் கணக்கிலும் இல்லை. ஐந்து ரூபாய் நியாயமே என்பேன்.

எனக்குக் காய்ச்சல் கண்ட மூன்று நாளும் கேளாமலே மிளகு ரசமும் குழைந்த சோறும் அறைக்கு வந்தன. அவற்றை அந்த அம்மாள் நோட்டில் எழுதவேயில்லை. எழுதிய பாக்கியையே தீர்க்காமல் கோடை விடுமுறைக்கு ஊர் போய், திரும்பியதும் அடுத்த தெரு மெஸ்ஸில் அமர்ந்தவர்கள் நம்மிலேயே உண்டு. விலையேற்றத்தைப் பற்றி உரக்கப் பேசுவோரும் பெரும்பாலும் அவர்களே!