மருந்தில் மட்டும் மலிவு பார்க்க வேண்டாம்



டெக்சாஸில் இருக்கும் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் ஒரு கேள்வி கேட்டிருந்தான். வார இறுதிகளில் ரைஃபிள் ரேஞ்சுக்குப் போய் காகித இலக்கில் சுடுவது அவன் பொழுதுபோக்கு. கடையில் தோட்டா வாங்கிக் கட்டுப்படியாகவில்லை என்று, சுட்ட கூடுகளைப் பொறுக்கி வந்து வீட்டிலேயே மறுபடி நிரப்புகிறான். அங்கே அது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட பொழுதுபோக்கு. கிளப்பில் ஒரு பெரியவர் வயதாகிவிட்டதால் எல்லாவற்றையும் விற்கிறாராம். அரை பவுண்டு மருந்து மிஞ்சிய ஒரு டப்பா, லேபிள் உரிந்து போயிருக்கிறது, மேலே பேனாவால் "4895" என்று எழுதியிருக்கிறது. பாதி விலை. "எடுக்கலாமா சார்?"

வேண்டாம் என்று அன்றே பதில் போட்டுவிட்டேன். ஆனால் காரணத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். கெமிஸ்ட்ரி வாத்தியாருக்குத் துப்பாக்கி விவகாரம் எதற்கு என்று வீட்டிலேயே கேட்டாயிற்று. இது கெமிஸ்ட்ரிதான். பிளஸ் டூ பாடத்தில் செல்லுலோஸ் வரைக்கும் வந்து நின்றுவிடுகிறோம். அதன் மீது நைட்ரிக் அமிலம் வேலை செய்தால் கிடைப்பது நைட்ரோ செல்லுலோஸ், அதுதான் இந்தப் புகையில்லா மருந்து. நீலகிரிப் பிள்ளைகளுக்கு அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உங்கள் வீடுகளில் பாதிப் பேர் அதன் சங்கு ஒலிக்கு எழுந்தவர்கள். (இங்கே உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். உள்ளூர்ப் பிள்ளைகள் இதைப் படித்துவிட்டு விபரீதமாக எதையும் செய்து பார்க்காதீர்கள்.)

ஒரு தோட்டாவில் நான்கு பொருள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு. பிரைமர் என்பது தீபாவளிப் பொட்டுவெடியின் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடு பல முறை உழைக்கும். பிரைமரில் பேரம் பேச அதிகம் இடமில்லை. சிக்கனம் பார்க்க மிஞ்சுவது குண்டும் மருந்தும்தான். என் கருத்து இதுதான்: குண்டில் எவ்வளவு வேண்டுமானாலும் சிக்கனம் பார், மருந்தில் பார்க்காதே.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மருந்தை அங்கே பவுண்டில் விற்கிறார்கள், கிரெயினில் நிறுக்கிறார்கள். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். நம் ஆசாரிகள் பொன் நிறுத்த குன்றிமணி ஏறத்தாழ 2 கிரெயின் இருக்கும். அவனுடைய .308 ரைஃபிளுக்கு ஒரு தோட்டாவுக்குச் சுமார் 40 கிரெயின் என்று கணக்குக்காக மட்டும் வைத்துக்கொள்வோம் (இது கலவைக் குறிப்பு அல்ல, யாரும் இதைப் பார்த்து நிரப்பக் கூடாது). அப்படியானால் ஒரு பவுண்டில் 175 தோட்டா. பவுண்டு 45 டாலர் என்றால் ஒரு சுடலுக்கு மருந்துச் செலவு 26 சென்ட். அதே மருந்தை 10 டாலர் மலிவாகத் தேடிப் பிடித்தாலும் மிச்சமாவது ஒரு சுடலுக்கு 6 சென்ட்கூட இல்லை.

இப்போது குண்டு. போட்டிக்கென்று செய்யும் உயர்ந்த ரகக் குண்டு ஒன்று 45 சென்ட் என்றால், மொத்தமாக வாங்கும் சாதாரண முழு உறைக் குண்டு அதில் பாதி விலைக்குக் கிடைக்கும். ஒரே மாற்றத்தில் 22 சென்ட் மிச்சம். விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும். ஆனால் எங்கே கை வைத்தால் பணம் மிஞ்சும் என்பது மாறாது. பெரியவரின் டப்பாவால் இவனுக்கு மொத்தத்தில் மிஞ்சப்போவது ஏறக்குறைய 11 டாலர். அந்தப் 11 டாலருக்காக முகத்துக்கு நான்கு அங்குலத்தில் எதை வைக்கப்போகிறான் என்று யோசித்தால் போதும்.

மலிவுக் குண்டில் நஷ்டமே இல்லையா? உண்டு, ஆனால் தெரிந்த நஷ்டம். சாதாரண முழு உறைக் குண்டில் ஈயத்தைப் பின்பக்கமாகச் செருகுவார்கள். அதனால் அடிப்பாகம் எல்லாவற்றிலும் ஒரே சீராக இருக்காது. போட்டிக் குண்டில் அடிப்பாகம் மூடியிருக்கும், துளை மூக்கில் இருக்கும். குண்டு குழாயை விட்டு வெளியேறும் கணத்தில் அதன் அடிப்பாகம் சீராக இருப்பதுதான் முக்கியம், மூக்கு அல்ல. 100 கஜத்தில் காகிதத்தில் ஓட்டை போட இந்த வித்தியாசம் பெரிதில்லை. 600 கஜத்துக்குப் போனால் தெரியும். ஆகவே பழக மலிவுக் குண்டு, போட்டி நாளுக்கு நல்ல குண்டு. ஆலையில் நிறம் மங்கியதற்காக இரண்டாம் தரம் என்று ஒதுக்கி விற்பதை வாங்கி, தராசில் போட்டு எடை வாரியாகப் பிரித்துக்கொள்ளலாம். தவறான குண்டு என்றால் இலக்கு தவறும், அவ்வளவுதான். ஒன்று மட்டும்: குண்டின் எடை அதேதான் என்றாலும் தயாரிப்பு மாறினால், கையேட்டில் போட்டிருக்கும் தொடக்க அளவுக்குப் போய் மறுபடி படிப்படியாகத்தான் வர வேண்டும். உறையின் தடிமன், குழாயில் உரசும் நீளம் எல்லாம் மாறும்.

குண்டில் சிக்கனம் என்பது அவர்களுக்குப் பரம்பரைச் சொத்து. போர்க்காலத்தில் குண்டு கிடைக்காதபோது, .22 ரைஃபிளின் காலிக் கூடுகளை அச்சில் நெருக்கி, குண்டுக்கு உறையாக்கினார்கள். ஹார்னடி, ஸ்பியர் என்று இன்று பெட்டிகளில் பார்க்கும் பெயர்களுக்குரியவர்கள் அந்த வேலையில் இறங்கியவர்கள்தான். ஆர்.சி.பி.எஸ். என்ற கருவிக் கம்பெனியின் பெயரே அப்படிப்பட்ட ஓர் அச்சின் பெயர்ச் சுருக்கம். என்.சி.சி.யில் சுட்டுவிட்டுக் காலிக் கூட்டை எண்ணி ஒப்படைத்த நம் பிள்ளைகளுக்கு இது வேடிக்கையாக இருக்கும்.

"சார், மருந்தும் அப்படித்தானே? அந்தக் காலத்தில் எல்லாரும் ராணுவ மிச்சம்தானே வாங்கினார்கள்?" என்று அவன் திருப்பிக் கேட்டான். நல்ல கேள்வி. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கன்சாஸில் புரூஸ் ஹாட்க்டன் என்பவர் ஆயுள் காப்பீட்டின் மேல் கடன் வாங்கி, அரசிடமிருந்து 25 டன் மிச்ச மருந்து வாங்கி, சில்லறையாக விற்றார். இன்றைய பெரிய ஹாட்க்டன் கம்பெனி அதிலிருந்து வந்தது. அந்த மருந்தும் 4895தான்! ஆனால் அவர் வாங்கியது ராணுவம் அளவெடுத்து, சோதித்து, இன்னதென்று எழுதிவைத்த மருந்து. பேனாவால் கிறுக்கிய டப்பா அல்ல.

இன்று 4895 என்ற எண்ணில் இரண்டு மருந்து உண்டு: எச் 4895, ஐ.எம்.ஆர். 4895. நெருங்கிய உறவு, ஆனால் ஒன்றல்ல. ஒன்றின் அளவை மற்றதற்குப் போடக் கூடாது. கையேட்டில் தனித்தனிப் பக்கம். பெரியவரின் டப்பாவில் எது? எந்த வருடத்தது? ஒருவேளை வேறு டப்பாவில் மிஞ்சியதையும் இதில் கொட்டிவைத்தாரா? கைத்துப்பாக்கிக்கான வேகமான மருந்தும், ரைஃபிளுக்கான மெதுவான மருந்தும் கண்ணுக்கு ஒரே மாதிரி கறுப்பாக, சின்னச் சின்னதாக இருக்கும். வேகம் துகளின் வடிவத்தையும் மேல்பூச்சையும் பொறுத்தது. ஒரே எடை சுள்ளியும் கட்டையும் அடுப்பில் எப்படி எரியும் என்று உங்கள் பாட்டிகளுக்குத் தெரியும். கட்டை வைக்க வேண்டிய இடத்தில் சுள்ளியை நிரப்பினால் துப்பாக்கி பிளக்கும். .308 தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்தரம் வைத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. காரின் டயருக்குப் பெட்ரோல் பங்கில் அடிப்பது 32. உச்சத்துக்கு மேலே போனால் எவ்வளவு போகும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

வயதும் ஒரு விஷயம். நைட்ரோ செல்லுலோஸ் சும்மா இருக்கும்போதே மெல்லச் சிதையும். வெளிவரும் நைட்ரஜன் ஆக்சைடுகள் சிதைவை மேலும் வேகப்படுத்தும். அதைத் தடுக்கத்தான் டைஃபீனைல் அமீன் போன்ற நிலைப்படுத்தியைச் சேர்க்கிறார்கள். அது தீர்ந்துபோனால் புளிப்பான காட்டமான வாடை வரும், செம்பழுப்புத் தூசி படியும். டெக்சாஸ் கோடையில் தகரக் கூரைக் கொட்டகையில் எத்தனை வருடம் கிடந்ததோ! வாடை நன்றாக இருந்தாலும் அது என்ன மருந்து என்று மூக்கு சொல்லாது.

நம் மொழியில் உடம்புக்குக் கொடுப்பதற்கும் துப்பாக்கிக்குப் போடுவதற்கும் மருந்து என்று ஒரே பெயர். லேபிள் கிழிந்த சீசாவிலிருந்து குழந்தைக்கு ஒரு ஸ்பூன் கொடுப்பீர்களா? ஊர்த் தீயணைப்பு நிலையத்தைக் கேட்டு அதை ஒழிக்கும்படி பெரியவரிடம் சொல்லச் சொல்லியிருக்கிறேன். மரியாதையாக, ஒரு காபியும் வாங்கிக் கொடுத்து.

மருந்தில் மிச்சம் பிடிக்க நேர்மையான வழி இல்லாமல் இல்லை. உக்ரைன் போருக்குப் பிறகு பீரங்கிக் குண்டுகளுக்காக நைட்ரோ செல்லுலோஸுக்குப் போட்டி அதிகமாகி, விலை ஏறிவிட்டது; உடனே இறங்கும் என்று நம்புவதற்கில்லை. ஆகவே உன் ரைஃபிளுக்கும் கையேட்டுக்கும் பொருந்தும் ஒரே ஒரு மருந்தைத் தேர்ந்தெடு. மாதம் ஒரு பெயர் மாற்றாதே. சீல் உடையாத 8 பவுண்டு டப்பாவாக, ஒரே தயாரிப்புத் தொகுதியில் வாங்கினால் பவுண்டு விலை குறையும், அளவை அடிக்கடி சரிபார்க்கும் வேலையும் குறையும். அபாயப் பொருள் என்று கூரியரில் தனிக் கட்டணம் போடுவார்கள். கிளப்பில் நாலு பேர் சேர்ந்து ஒரே ஆர்டராகப் போட்டால் அது பங்காகிவிடும். ஆனால் ஆசையில் குவித்துவிடாதே. அங்குள்ள தீத்தடுப்பு விதிகளில் வீட்டில் சாதாரணமாக வைத்துக்கொள்ளும் அளவு 20 பவுண்டு என்று இருக்கும். உன் ஊர் விதியை நீயே பார்த்துக்கொள்.

வாங்கியது வாங்கிய டப்பாவிலேயே இருக்கட்டும். தீப்பிடித்தால் அழுத்தம் ஏறும் முன்பே விட்டுக்கொடுக்கும்படி அதைச் செய்திருக்கிறார்கள். நம் வீடுகளில் காலி ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கண்டால் எதையாவது கொட்டி வைக்கிற பழக்கம் கடல் கடந்தும் போயிருக்கும் என்பதால் இதையும் சொல்லிவைக்கிறேன்.