அவுட்போர்ட்பி போயாச்சு, ஒப்பாரியை நிறுத்துங்க சாமி

லினக்ஸ் கெர்னலிலிருந்து பழசு எதையாவது தூக்குகிறார்கள் என்று சேதி வந்தால் போதும், நம்மாட்களுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டிவிடும். 2025 ஏப்ரலில் இங்கோ மோல்னார் 486 பிராசசருக்கான ஆதரவை நீக்கலாம் என்று பேட்ச் அனுப்பினார். 486 வந்தது 1989-ல். இங்கே புனேயில் மாதம் ஒருமுறை நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் கூடிச் சாப்பிடுவோம். பிள்ளைகள் கீழே கிரிக்கெட் ஆடும், ரங்கமணிகள் பால்கனியில் கெர்னல் பேசுவார்கள், தங்கமணிகள் முறைப்பார்கள். அங்கேயும் இதே பாட்டுதான். "பணக்கார நாட்டுக்காரன் பழசைத் தூக்கிப் போடுவான். நம்ம ஊரு பள்ளிக்கூடத்துல கிடக்கிற பழைய பெட்டி என்னய்யா ஆகும்?" என்று ஒருத்தர் ஆரம்பித்தார், மற்றவர்கள் ஆமாம் போட்டார்கள்.

என் கட்சி வேறு. தூக்கட்டும். இன்னும் சீக்கிரம் தூக்கியிருந்தால் இன்னும் நல்லது. கோபம் எனக்கும் உண்டு, ஆனால் அதைக் காட்ட வேண்டிய வாசல் கெர்னல் வாசல் இல்லை. (பொட்டி தட்டாதவர்களும் மேலே படிக்கலாம். சுற்றிச் சுற்றி இது ஊரில் உங்கள் அப்பாவோ மாமாவோ உட்கார்ந்திருக்கும் கடை மேஜைக்குத்தான் வரப்போகிறது.)

முதலில், அப்படி என்னத்தை இழந்துவிட்டோம்?

எங்கள் செட்டில் இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு டர்போ சி-யின் நீலத்திரை மறக்காது. கம்ப்யூட்டருக்குப் பின்னால் பிரிண்டர் ஒயரைச் சொருகும் 25 துளை போர்ட், அதன் முகவரி ஹெக்ஸில் 378. அவுட்போர்ட்பி என்று எழுதி, அந்த முகவரியையும் ஒரு எண்ணையும் கொடுத்தால், வெளியே மாட்டிய எட்டு எல்.இ.டி.யில் நீங்கள் கேட்டது மட்டும் எரியும். 255 கொடுத்தால் எட்டும் எரியும். ஒரே வரிதான்! டிரைவர் வேண்டாம், யாரிடமும் அனுமதி வேண்டாம். ஸ்டெப்பர் மோட்டார் சுற்றியவர்கள், டிராஃபிக் லைட் பிராஜெக்ட் செய்தவர்கள் எல்லாரும் இந்த ஒரு வரியில் பிழைத்தவர்கள். அது தந்த சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த வரி ஏன் அவ்வளவு சுலபமாக ஓடியது? டாஸில் காவல்காரனே கிடையாது. பிராசசரில் மொத்தம் 65,536 போர்ட் முகவரிகள். எந்தப் புரோகிராமும் எதில் வேண்டுமானாலும் எழுதலாம். எல்.இ.டி. எரிய வைத்த அதே வரியில் ஒரு எண் மாறினால் ஹார்ட் டிஸ்க் கண்ட்ரோலருக்குக் கட்டளை போய்விடும். ஒரு வீட்டில் ஒருத்தர் மட்டும் இருக்கும்வரை கதவில்லாத குளியலறை வசதிதான். விருந்தாளி வந்தால்?

விருந்தாளி இன்டர்நெட் ரூபத்தில் வந்தார். 2001-ல் எக்ஸ்.பி. வீடுகளுக்குள் வந்தபோது அதனடியில் இருந்தது என்.டி. கெர்னல். அது சாதாரணப் புரோகிராம்களைப் போர்ட் பக்கமே விடாது. நம் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? வலையிலிருந்து ஒரு குட்டி டிரைவரை இறக்கி, அதை நிறுவி, எல்லாப் போர்ட்டையும் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். பூட்டுக்குச் சாவி கிடைக்கவில்லை என்று சுவரை இடித்த கதை. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. ஃபேன் வேகம், கலர் விளக்கு இவற்றைக் கட்டுப்படுத்தும் பல மென்பொருட்கள் வின்ரிங்0 என்ற டிரைவரை நம்பியிருந்தன. அதில் ஓட்டை இருப்பது 2020-லேயே பதிவானது. 2025 மார்ச்சில் விண்டோஸ் டிஃபெண்டர் அதை வில்லன் என்று பிடிக்க ஆரம்பித்ததும் "என் ஃபேன் போச்சே" என்று ஒரே கூச்சல்.

லினக்ஸ் மட்டும் யோக்கியமா என்றால், இல்லை. ஐ.ஓ.பி.எல். என்றொரு சிஸ்டம் கால் உண்டு. ரூட் அதிகாரம் உள்ள புரோகிராம் அதைக் கூப்பிட்டால் அத்தனை போர்ட்டும் திறந்துகொள்ளும். அதோடு போனால் பரவாயில்லை, இன்டரப்ட்டை நிறுத்தும் அதிகாரமும் சேர்ந்து வரும். இன்டரப்ட் நின்றால் கீபோர்டு, நெட்வொர்க், கடிகாரம் எதன் குரலும் அந்த பிராசசருக்குக் கேட்காது. ஒரு சாதாரணப் புரோகிராம் கெர்னலின் வாயைப் பொத்தலாம் என்று அர்த்தம். திரையில் படம் காட்டும் எக்ஸ் சர்வர் வீடியோ கார்டை நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்த காலத்துக்கு இது தேவைப்பட்டது. 2009 வாக்கில் அந்த வேலை கெர்னலுக்குள்ளேயே போக ஆரம்பித்துவிட்டது. தேவை போன பின்னும் கதவு திறந்தே கிடந்தது.

2019-ல்தான் தாமஸ் கிளைக்ஸ்னர் உட்கார்ந்து இதைச் சரி செய்தார். 2020 ஜனவரியில் வந்த 5.5 கெர்னலில் ஐ.ஓ.பி.எல். பெயரளவில் இருக்கிறது, போர்ட்டைத் திறக்கும், ஆனால் இன்டரப்ட்டை நிறுத்தும் அதிகாரம் பிடுங்கப்பட்டது. அதற்கு முந்தைய 5.4-ல் லாக்டவுன் என்ற ஏற்பாடு வந்தது. அதை இயக்கினால் ரூட்டே வந்தாலும் போர்ட்டையும் டெவ்-மெம் வழியாக மெமரியையும் நேரடியாகத் தொட முடியாது. செக்யூர் பூட் உள்ள பெட்டிகளில் பல டிஸ்ட்ரோக்கள் அதைத் தாமாகவே இயக்கிவிடுகின்றன.

கவனிக்க: யாருடைய கையையும் வெட்டவில்லை. பேரலல் போர்ட் வழியாக மில்லிங் மெஷின் ஓட்டும் லினக்ஸ் சி.என்.சி. ஆட்கள் இன்றும் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். லாக்டவுனை அணைத்துவிட்டு, என்ன செய்கிறோம் என்று தெரிந்தே ஓட்டுகிறார்கள். சும்மா எல்.இ.டி. எரிய வைக்க வேண்டுமென்றால் பி.பி.டெவ் என்ற முறையான கவுண்டர் இருக்கிறது, கெர்னலிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பிள்ளைக்குக் கற்றுத்தர வேண்டுமானால் ஆர்டுயினோ வாங்கிக் கொடுங்கள். எரிந்தால் சில நூறு ரூபாயோடு போகும். என் ரூம்மேட் ஒருத்தன் பிராஜெக்ட்டுக்காக மதர்போர்டையே எரித்து, ஊரிலிருந்து மணியார்டர் வரும்வரை மெஸ்ஸில் கடன் சொன்னவன்.

"சரி, யாரும் தொடாத பழைய கோடு ஒரு மூலையில் கிடந்தால் கிடக்கட்டுமே, சோறா போடுகிறோம்?" இது அடுத்த வாதம். பால்கனியில் இதற்குத்தான் கைதட்டல் அதிகம்.

சோறு போடுகிறோம் ஐயா. 2015 மே மாதம் வெனம் என்றொரு ஓட்டை வெளியே வந்தது. மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் க்யூஎமு-வில், ஃபிளாப்பி கண்ட்ரோலரைப் போல நடிக்கும் பகுதியில் ஓட்டை. 2004-லிருந்து அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. கே.வி.எம்., ஸென் வரை அடி. வாடகைக்கு எடுத்த மெய்நிகர் இயந்திரத்துக்குள் இருப்பவர் சுவரைத் தாண்டி, அதே சர்வரில் பக்கத்து வீட்டுக்காரரின் சாமான்மேல் கை வைக்கலாம். இதில் உச்சக்கட்டக் காமெடி, நிர்வாகி ஃபிளாப்பியே வேண்டாம் என்று அணைத்து வைத்திருந்தாலும் இன்னொரு பிழையினால் அந்தக் கோடு உயிரோடு இருந்தது. 2015-ல் கிளவுட் சர்வரில் யார் சாமி ஃபிளாப்பி போட்டது?

அது கெர்னல் இல்லையே என்பீர்கள். கெர்னலுக்குள்ளேயே காட்டுகிறேன். டெலிபோன் லைனில் கீச்சுக் கீச்சென்று கத்தும் மோடம் நினைவிருக்கிறதா? அகெரே மோடத்துக்கான டிரைவர் ஒன்று விண்டோஸோடு கூடவே வந்துகொண்டிருந்தது. மோடம் இருக்கிறதோ இல்லையோ, டிரைவர் கோப்பு எல்லாப் பெட்டியிலும் இருக்கும். அதன் ஓட்டையைத் திருடர்கள் நிஜமாகவே பயன்படுத்தினார்கள். மோடம் மாட்டாத கணினியிலும் அது வேலை செய்யும். 2025 அக்டோபர் அப்டேட்டில் மைக்ரோசாஃப்ட் அதை ஒட்டுப்போடவில்லை, கோப்பையே தூக்கி எறிந்தது. அதை நம்பியிருந்த ஃபேக்ஸ் மோடம்கள் அன்றோடு படுத்தன. ஃபேக்ஸ்காரர்களுக்கு வருத்தம்தான். ஆனால் அவர்கள் சிலருக்காக மற்ற அத்தனை பேரும் அந்தச் சனியனைச் சுமந்தது நியாயமா?

ஓட்டை மட்டுமில்லை, பராமரிப்பு இன்னொரு தண்டச் செலவு. லினக்ஸ் கெர்னல் இன்று சுமார் 4 கோடி வரி. புதிதாக ஒன்றை எழுதுபவர், பழசு ஒவ்வொன்றோடும் அது ஒத்துப்போகிறதா என்று பார்த்தாக வேண்டும். 386-ல் ஒரு வினோதம்: எழுதக் கூடாது என்று பூட்டிய மெமரிப் பக்கத்தில் கெர்னலே எழுதினால் அந்தச் சிப் தடுக்காது. இதற்காகத் தனி மாற்று வழிகளை வருஷக்கணக்காகக் கட்டிக் காத்தார்கள். 2012 டிசம்பரில் 386-ஐ நீக்கும் பேட்ச்சை அனுப்பியதும் இதே மோல்னார்தான். 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதியதே ஒரு 386-ல். அவர் மாலை மரியாதை எதுவும் செய்யாமல் 3.8-ல் சேர்த்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார். தன் முதல் கம்ப்யூட்டரை வழியனுப்ப அவருக்கு இல்லாத துக்கம், அதைக் கண்ணாலேயே பார்க்காத நமக்கு எதற்கு?

ஏழை நாட்டுப் பள்ளிக்கூட வாதத்துக்கு வருவோம். 2025 பேட்ச் கேட்பது பென்டியம் காலத்து வசதிகள் இரண்டே இரண்டு. பள்ளிக்கூட லேபில் தூசி படிந்து கிடக்கும் பென்டியம் 4 வந்தது 2000-ல். அதை இந்தப் பேட்ச் தொடவே தொடாது. 486-ல் பாடம் நடத்தும் பள்ளி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், டிக்கெட் எடுத்து நானே வந்து பார்க்கிறேன் :-) டெபியன் 2025 ஆகஸ்டில் வந்த 13-வது பதிப்பில் 32 பிட் பெட்டிகளுக்கு இன்ஸ்டாலரையே நிறுத்தியது பென்டியம் 4-காரனை நிஜமாகவே அடிக்கும் விஷயம். ஓடிக்கொண்டிருக்கும் முழுப் பெட்டியை அநாதையாக்குவது அது. அந்தச் சண்டையில் நான் உங்கள் பக்கம். இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

இப்போது என் கோபம் எங்கே என்று சொல்கிறேன்.

சித்தப்பாவுக்கு ஈரோட்டில் மஞ்சள் மண்டி. கணக்குக்கு டாஸில் ஓடும் ஃபாக்ஸ்புரோ புரோகிராம், 90-களின் கடைசியில் வாங்கியது. பில்லுக்கு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், ஏனென்றால் கார்பன் வைத்த மூன்று தாளில் ஒரே அடியில் விழ வேண்டும், லேசரில் அது நடக்காது. புரோகிராமைக் காப்பி அடிக்காமலிருக்க விற்றவர்கள் கொடுத்த டாங்கிள் ஒன்று, பேரலல் போர்ட்டில் சொருகி, அதன் முதுகில் பிரிண்டர் ஒயர். இருபது வருஷத்துக்கு மேல் ஓடியது. பிறகு மதர்போர்டு செத்தது. புதுப் பெட்டியில் பேரலல் போர்ட்டே இல்லை. கடைக்காரர் யு.எஸ்.பி.யிலிருந்து பேரலலுக்கு மாற்றும் ஒயர் கொடுத்தார். பிரிண்டர் ஓடியது, டாங்கிளைத் தெரியவில்லை என்றது. அந்த ஒயர் பிரிண்டர் பாஷை மட்டும்தான் பேசும், 378 என்ற முகவரியில் போய்த் தேடும் புரோகிராமுக்கு அங்கே ஒன்றுமே இருக்காது. அதோடு புதுப் பெட்டி 64 பிட். 16 பிட் டாஸ் புரோகிராம் நேரடியாக அதில் ஓடாது. டாஸ்பாக்ஸில் ஏற்றினால் புரோகிராம் எழுந்துகொள்கிறது, மறுபடியும் டாங்கிள் எங்கே என்கிறது.

விற்ற கம்பெனிக்கு (பெயர் வேண்டாம்) போன் போட்டேன். அந்தப் பதிப்பை நிறுத்தி வருஷக்கணக்காகிறது, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள், பழைய கணக்கு அதில் ஏறாது என்றார்கள். டாங்கிள் கேட்காத ஒரு பிரதி கொடுங்கள், காசு கொடுத்து வாங்கியதுதானே என்றேன். பாலிசி இல்லையாம்.

சித்தப்பா போனில் கேட்டார்: "ஏங்கண்ணு, பொட்டி என்றது, கணக்கு என்றது, காசு நாந்தான குடுத்தேன். சாவிய மட்டும் எவனோ வெச்சுக்கிட்டா அதென்ன நாயம்?"

அதுதான் கேள்வி. அவர் கடையை நிறுத்தியது எந்தக் கெர்னல்காரரும் இல்லை. விவரம் எதையும் வெளியே சொல்லாமல் ஒரு பூட்டைச் செய்து, வாசலில் மாட்டி, சாவியோடு போனவர்கள். எதிர்ப்பக்கம் பாருங்கள். 2019-ல் லினக்ஸின் ஃபிளாப்பி டிரைவரைப் பராமரித்தவர், என்னிடம் ஓடுகிற ஃபிளாப்பி டிரைவே இல்லை என்று கையை விரித்தார். டோர்வால்ட்ஸ் அதை அநாதை என்று குறித்தார். கொஞ்ச நாளில் வேறொருவர் வந்து தத்தெடுத்தார். எப்படி முடிந்தது? கோடு திறந்து கிடந்தது, வரலாறு முழுக்க இருந்தது, வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். நாளைக்கே நீக்கினாலும் பழைய பதிப்பிலிருந்து தோண்டி எடுக்கலாம். சித்தப்பாவின் டாங்கிளைத் தத்தெடுக்க நான் தயார், கொடுக்கத்தான் ஆள் இல்லை. எடைமேடை, லேப் மெஷின், ஸ்கேனர் என்று எத்தனையோ பெட்டிகள் இப்படி டிரைவர் சி.டி. ஒன்றை நம்பி நிற்கின்றன. விற்றுவிட்டுப் போனவரை விட்டுவிட்டு, பெருக்க வந்தவரைத் திட்டுகிறோம்.

சித்தப்பாவுக்குப் புரோகிராம் போனது போனதுதான். கணக்கு தப்பித்தது. ஃபாக்ஸ்புரோ தன் விவரங்களை டி.பி.எஃப். கோப்புகளில் வைக்கும், அதன் அமைப்பு ஊரறிந்தது, லிப்ரே ஆஃபீஸே திறக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அதிலிருந்து எடுத்தோம். பாக்கி வைத்திருந்தவர்கள் பெயர் எல்லாம் வரிசையாக வந்து நின்றதும் மனுஷன் முகத்தில்தான் எத்தனை தெளிச்சி!

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. அதற்கடுத்த 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது, ஆகவே டாஸ் புரோகிராமை நேரடியாக ஓட்டும் வழியும் அடைத்தாயிற்று. ஊர்க் கடைகளில் பெட்டி மாறப்போகிற வருஷங்கள் இவை. அடுத்து லீவுக்குப் போகும்போது, உங்கள் வீட்டுக் கடைப் பெட்டியின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். பிரிண்டர் ஒயருக்கும் பெட்டிக்கும் நடுவே தீப்பெட்டி அளவில் ஏதாவது சொருகியிருந்தால், பெட்டி உயிரோடு இருக்கும்போதே டி.பி.எஃப். என்று முடியும் கோப்புகளை எல்லாம் ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டு வாருங்கள். அந்தப் புரோகிராமை விற்றவரின் நம்பர் இன்னும் வேலை செய்தால், டாங்கிள் கேட்காத பிரதி ஒன்றை எழுத்தில் கேளுங்கள். மறுத்தால், அடுத்த மென்பொருளை அவரிடம் வாங்காதீர்கள்.