பிளாட்டினத்தின் மேல் ஒரு வீண்பழி

சாயம் ஏற்றிய சூரிய மின்கலம் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டினால், முதல் பத்தியிலேயே பெரும்பாலும் ஓர் ஒப்பாரி கேட்கும். எதிர் மின்முனைக்குப் பிளாட்டினம் வேண்டும், அது விலை கூடியது, கலம் சந்தையில் எடுபடாததற்கு அதுவே காரணம் என்று. அடுத்த பத்தியில் ஆசிரியர் ஏதோ ஒரு கொட்டையையோ ஓட்டையோ கரியாக்கி எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் பழி நிற்காது. குளோரோபிளாட்டினிக் அமிலக் கரைசலைக் கண்ணாடியில் சில சொட்டு விட்டுப் பரப்பி, சுமார் 400 டிகிரி செல்சியஸில் கால் மணி நேரம் சுடுகிறார்கள். எடுத்துப் பார்த்தால் பூசியதா பூசாததா என்று கண்ணால் சொல்வதே கடினம். சதுர சென்டிமீட்டருக்கு 5 மைக்ரோகிராம் போதும். சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராம், அரைக் குந்துமணி எடைகூட இல்லை. கிராம் 6,000 ரூபாய் என்று வைத்தாலும் 300 ரூபாய்தான். அதே சதுர மீட்டருக்கு மின்கடத்தும் கண்ணாடி இரண்டு பலகை வேண்டும், ருத்தேனியச் சாயமும் வேண்டும். அந்தச் செலவை நினைத்து யாரும் அழுவதில்லை.

மலிவான மாற்று இல்லை என்பதும் சரியல்ல. மைக்கேல் கிராட்செலும் பிரயன் ஓரீகனும் இந்தக் கலத்தை நேச்சர் இதழில் அறிவித்தது 1991-இல். 1996-இலேயே ஆந்திரியாஸ் கேயும் கிராட்செலும் கார்பன் எதிர் மின்முனையோடு 6.7 சதவீதத் திறன் காட்டிவிட்டார்கள். 2006-இல் கார்பன் கறுப்பு 9.1 சதவீதத்தைத் தொட்டது. சந்தைக் கதவு திறந்ததா?

பிளாட்டினம்தான் எப்போதும் சிறந்தது என்று நான் வாதாட வரவில்லை. கலத்தினுள் நிரப்பும் எலக்ட்ரோலைட் திரவத்தில் ஐயோடினுக்குப் பதில் கோபால்ட் சேர்மங்களைப் போட்டால் கிராஃபீன் பிளாட்டினத்தை முந்துகிறது. ஆனால் அது வேதியியல் பொருத்தம். விலைக்கு அங்கே வேலையில்லை. இன்னொன்று, கார்பனைத் தடிமனாகப் பூசினால் கலம் ஒளிபுகாமல் கறுத்துவிடும். ஜன்னலில் வைக்கலாம் என்ற பெருமையும் அதோடு போயிற்று.

உண்மையான தொல்லை கண்ணாடியின் மேலுள்ள டின் ஆக்சைடு பூச்சில் இருக்கிறது. அதன் மின்தடை சதுரத்துக்கு 10 ஓம் என்று கொள்வோம். சதுர சென்டிமீட்டருக்கு 15 மில்லிஆம்பியர் ஓடும் கலம் 1 சென்டிமீட்டர் அகலமாக இருந்து, மின்சாரத்தை ஒரு பக்க விளிம்பில் மட்டும் எடுத்தால், மறுவிளிம்பிலிருந்து வருவதற்குள் 75 மில்லிவோல்ட் கரைந்துவிடும். இழப்பு அகலத்தின் வர்க்கத்தில் ஏறும். 5 சென்டிமீட்டர் என்றால் 25 மடங்கு, ஏறத்தாழ 1.9 வோல்ட். கலம் தருவதோ 0.7 வோல்ட் சொச்சம்! நகம் அளவுக் கலத்தில் பதிவான சாதனை பலகை அளவில் படுத்துவிடுவது இதனால்தான்.

தீர்வாக வெள்ளிக் கம்பிக் கோடுகள் இழுக்கிறார்கள். ஐயோடின் வெள்ளியைத் தின்னும் என்பதால் ஒவ்வொரு கோட்டையும் கண்ணாடிப் பசையாலோ பாலிமராலோ மூட வேண்டும். மூடிய இடமெல்லாம் வெயில் வாங்காத இடம். மூடியில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் போதும், எலக்ட்ரோலைட்டின் பழுப்பு நிறம் அந்தக் கோட்டையொட்டி வெளிறத் தொடங்கும்.