பணயச் சிறுவர்களின் மொழி

நம் இளையோர் வாசிக்கும் வரலாற்றுப் புனைவு பெரும்பாலும் சோழர் அரண்மனையிலேயே தங்கிவிடுகிறது. எஸ்தர் ஃபோர்ப்ஸ் 1943இல் எழுதிய 'ஜானி டிரெமெய்ன்', புரட்சிக்கு முந்தைய பாஸ்டனை வெள்ளி வேலை பயிலும் சிறுவன் ஒருவனின் வழியே காட்டியது. குடியேற்ற ஆட்சி அன்றாட வாழ்வில் நுழைந்த விதத்தை இளம் வாசகர் அதில் உணர்கின்றனர்.

நமக்கும் அத்தகைய சிறுவர்கள் உண்டு. 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பிணையாகத் திப்பு சுல்தானின் இரு இளம் மகன்கள் சென்னைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1794இல் திருப்பி அனுப்பப்பட்டனர். 1799இல் கோட்டை வீழ்ந்தபின் திப்புவின் குடும்பம் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டது. 1806 ஜூலை 10 அன்று அங்கேதான் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர்.

ஆங்கில ஓவியர்கள் அச்சிறுவர்களைக் கார்ன்வாலிஸின் பெருந்தன்மைக்குச் சான்றாகவே தீட்டினர். அவர்களுடைய அச்சத்தைப் புனைவுதான் எழுத வேண்டும். ஆனால் எந்த மொழியில்? அவர்களைச் சூழ்ந்து ஒலித்தவை பாரசீகம், தக்கினி, கன்னடம், தமிழ், தெலுங்கு, ஆங்கிலம். அனைவரையும் ஒரே அரசவைச் செந்தமிழில் பேசவைக்கும் நாவல், அந்தப் பன்மொழி உலகையே அழித்துவிடுகிறது. தன் மொழி புரியாதோர் நடுவே நிற்கும் சிறுவனின் தனிமையும் அதனோடு மறைந்துபோகும். அந்தத் தனிமையை எழுதாமல் குடியேற்ற வரலாற்றை இளையோருக்குச் சொல்ல இயலாது என்பதே என் கருத்து.