வரலாமா?

‘ப்ளீஸ்’ என்பதற்கு நேரான சொல் தமிழில் இல்லை. ஆகலின் தமிழர் பணிவாக இசைவு கேட்க அறியார் என்னும் கூற்று நம் கல்லூரித் தாழ்வாரங்களிலும் அடிக்கடி எழுகின்றது. ஆங்கிலம் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டமையால் விளைந்த மயக்கம் இஃதென்பது எம் கருத்து. துறைமுகத்தையடுத்து வாழும் நமக்கு அயன்மொழிகள் அச்சந் தருவன அல்ல. ஸ்பானிய மொழியை ஒருங்கு வைத்து நோக்குவோம்.

ஸ்பானியர் ஒருவர் பிறர் அறைவாயிலில் நின்று ‘செ புயேதே?’ என்று வினவுவர். ‘ஆகுமா?’ என்பதே அதன் பொருள். அதில் நான் என்பதும் இல்லை. நீர் என்பதும் இல்லை. உள்ளிருப்பவர் ‘அதெலாந்தே’, அஃதாவது ‘முன்னே வருக’ என்பர். நம் ‘வரலாமா?’ என்பதும் அத்தகையதே. வரல் என்னும் தொழிற்பெயரோடு ஆம் என்பது புணர்ந்து நின்ற அச்சொல், வருவோன் இன்னான் என்று காட்டும் விகுதியைப் பெறாது, ‘வருதல் ஆகுமா?’ என்று மட்டும் வினவி, முடிவை உள்ளிருப்பவரிடமே விட்டுவிடுகின்றது. ஸ்பானியத்தில் ‘போர் ஃபவோர்’ என்னும் வேண்டுகோட் சொல் உண்டெனினும், வாயிலில் நிற்பார்க்கு அஃது இன்றியமையாததன்று. பணிவு வினையிலேயே அமைந்துவிட்டது.

முன்னிலைப் பெயரிலும் இவ்வொற்றுமை உண்டு. ‘உஸ்தெத்’ என்னும் மரியாதைச் சொல் ‘தங்கள் அருள்’ எனப் பொருள்படும் பழந்தொடர் தேய்ந்து வந்தது. நம் நாட்டிலோ பன்மையாகிய ‘நீர்’ ஒருவரைக் குறிக்கும் உயர்வுச் சொல்லாயிற்று. அதுவும் போதாதென்று ‘நீங்கள்’ வந்தது.

ஆயின், சொல்வளம் உண்டென்பதால் மட்டும் நாம் பெருமை கொள்ளல் ஆகாது. மெக்சிகோ நாட்டில் ஒருவரைக் கடந்து செல்வோர் ‘கோன் பெர்மீசோ’, அஃதாவது ‘இசைவுடன்’, என்று சொல்லி நகர்வது வழக்கம். அதனைத் தலைவரிடமும் கூறலாம், தொழிலாளரிடமும் கூறலாம். நாமோ கேட்கும் சொல்லையே படிநிலை பார்த்து வகுத்தோம். ‘ஈ’ என்பது இழிந்தோன் கூற்று, ‘தா’ என்பது ஒப்போன் கூற்று, ‘கொடு’ என்பது உயர்ந்தோன் கூற்று என்று தொல்காப்பியம் விதித்தது. நன்னூலும் அவ்வழியே சென்றது. இன்று மூன்று சொற்களின் வேற்றுமை வழக்கொழிந்தும் அம்மனப்பான்மை ஒழிந்திலது. பேராசிரியர் அறையில் ‘உள்ளே வரலாமா, ஐயா?’ என்று குழையும் மாணவரே, காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் கூடை சுமந்து வரும் முதியவரை நோக்கி ‘நகரு’ என்பர். எண்ணூர் நெடுஞ்சாலையில் சரக்குந்து ஓட்டுநரை ‘நீ’ என்பர். இசைவு என்பது மேலோரிடம் மட்டும் கேட்கத் தக்கதோ? அவர் நிற்கும் இடம் அவர் இடமன்றோ?

இராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கத்துப் பேச்சு முரடானது என்று நகரத்தின் பிற பகுதியார் நகைப்பதுண்டு. அவர்கள் ஒரு முறையேனும் மீனங்காடி நெரிசலுள் நின்று செவி கொடுப்பாராக. ‘கொஞ்சம் வழி வுடு நைனா’ என்று கேட்டு நகரும் குரல் அங்கே கேட்கும். அந்தக் ‘கொஞ்சம்’ வழியின் அகலத்தைக் குறிப்பதன்று, வேண்டுகோளை மென்மையாக்குவது. ‘நைனா’ தெலுங்கிலிருந்து வந்த சொல். தந்தை என்பது அதன் பொருள்.